திரையின் எண்களை யார் வைத்திருப்பது? – பெயருக்கும் விவரணைக்கும் இடையே ஒரு தொழில்நுட்ப வரலாறு

கைக்கு அடக்கமான ஒரு கணினிப் பலகையோடு ஏழு அங்குலத் தட்டைத்திரை ஒன்றை நாடாக் கம்பியால் இணைத்து மின்சாரம் கொடுத்தால், பெரும்பாலும் எதுவும் தெரியாது. பின்னொளி எரியலாம்; படம் வராது. மேசைக் கணினியோடு திரையை இணைப்பவருக்கு இவ்வனுபவம் நேர்வது அரிது. அங்கே திரை தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. உட்பொதி கணினியின் திரை அவ்வாறு வாய் திறப்பதில்லை. அதன் அகலம், உயரம், துடிப்பு வேகம், ஒத்திசைவுக் குறியின் நீளம் ஆகிய அனைத்தையும் வேறொருவர் எங்கோ எழுதிவைத்திருக்க வேண்டும். யார் எழுதுவது, எங்கே எழுதுவது, எந்தச் சொற்களால் எழுதுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் கடந்த நாற்பது ஆண்டுகளில் பல விடைகள் தரப்பட்டன. பொறியியலின் ஓரத்தில் நிகழ்ந்த சிறு செய்தியாகத் தோன்றினாலும், ஒரு பொருளைப் பெயரால் சுட்டுவதா, விவரித்துச் சுட்டுவதா என்னும் பழைய மொழியியல் சிக்கலே இவ்விடைகளின் அடியில் கிடக்கிறது.

1. திண்ணை வைத்த சமிக்ஞை

கண்ணாடிக் குழாய்த் திரைகளின் காலத்தில் படம் என்பது ஓர் எலக்ட்ரான் கற்றை வரி வரியாக ஓடிச் செல்லும் பாதை. ஒரு வரியின் முடிவில் கற்றை இடப்புறத்துக்குத் திரும்ப வேண்டும். கடைசி வரிக்குப் பின் மேல்மூலைக்கு ஏற வேண்டும். இத்திரும்புதலுக்கு நேரம் தேவை. அந்நேரத்தில் ஒளி அணைந்திருக்கும். அணைந்திருக்கும் அவ்விடைவெளியின் நடுவே ‘இப்போது திரும்பு’ என்று ஆணையிடும் ஒத்திசைவுத் துடிப்பு எழும். அலைவடிவத்தைத் தாளில் வரைந்து பார்த்த தொலைக்காட்சிப் பொறியாளர்களுக்கு நடுவில் எழுந்து நிற்கும் துடிப்பு வீடாகவும், அதன் இருபுறமும் தாழ்ந்து கிடக்கும் பகுதிகள் திண்ணைகளாகவும் தோன்றின. துடிப்புக்கு முந்தையது முன்திண்ணை, பிந்தையது பின்திண்ணை என்ற பொருளில் அவர்கள் இட்ட ஆங்கிலப் பெயர்களே இன்றளவும் தரவுத்தாள்களில் அச்சாகின்றன.

1987இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட விஜிஏ முறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் ஒரு வரிக்குக் கண்ணுக்குத் தெரியும் பிக்சல்கள் 640. ஆனால் வரியின் மொத்த நீளம் 800. முன்திண்ணைக்கு 16, துடிப்புக்கு 96, பின்திண்ணைக்கு 48 என எஞ்சிய 160 பங்கிடப்படுகிறது. உயரத்திலும் அப்படியே: தெரிவது 480 வரி, மொத்தம் 525, இடையில் 10, 2, 33. நொடிக்கு 2,51,75,000 பிக்சல்கள் என்ற வேகத்தில் இதை ஓட்டினால் திரை நொடிக்கு ஏறத்தாழ 59.94 முறை புதுப்பிக்கப்படும். 525 என்ற வரிக்கணக்கும் 59.94 என்ற வேகமும் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியிலிருந்து வந்தவை.

திரவப் படிகத் திரையில் கற்றையும் இல்லை, திரும்புதலும் இல்லை. ஒவ்வொரு பிக்சலுக்கும் கீழே அமர்ந்திருக்கும் மெல்லிய டிரான்சிஸ்டர் தன் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் திண்ணைகள் மறையவில்லை. ஏற்கெனவே இருந்த கட்டுப்படுத்திகளோடு இசைந்து போவதற்காகப் புதிய திரைகளும் பழைய இடைவெளிகளை ஏற்றுக்கொண்டன. ஒலி வழக்கிழந்த பின்னும் எழுத்துக்கூட்டலில் நின்றுவிடும் எழுத்தைப் போல, பௌதிகக் காரணம் மறைந்த பின்னும் அந்த வெற்றிடம் சமிக்ஞையின் இலக்கணத்தில் நிலைத்துவிட்டது.

2. ஒரே இடைவெளிக்குப் பல பெயர்

இவ்வெண்களை மென்பொருளில் எழுத வந்தவர்கள் ஒரே பெயரிடல் முறையைப் பின்பற்றவில்லை. 1990களில் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் பரவிய எக்ஸ்ஃப்ரீ86 மென்பொருள், பகுதிகளின் நீளத்தைக் கேட்காமல் அவை தொடங்கும் இடத்தைக் கேட்டது. மேற்சொன்ன விஜிஏ முறை அங்கே 640, 656, 752, 800 என்றும், 480, 490, 492, 525 என்றும் எழுதப்படும். ஒவ்வொன்றும் முந்தையதோடு கூட்டி வந்த எண்.

லினக்ஸ் கெர்னலின் ஃபிரேம்பஃபர் இடைமுகம் வேறு வழியில் சென்றது. அது பக்க ஓரங்களின் உருவகத்தைத் தேர்ந்துகொண்டது: இட ஓரம், வல ஓரம், மேல் ஓரம், கீழ் ஓரம். வேகத்தையும் அது அதிர்வெண்ணாகக் குறிக்கவில்லை. ஒரு பிக்சலுக்கு எத்தனை பிக்கோநொடி என்று குறித்தது. 25.175 மெகாஹெர்ட்ஸ் என்பது அங்கே ஏறத்தாழ 39,722 ஆகிவிடும். இன்டெலின் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110 செயலியின் கையேடோ அதே திண்ணைகளை ‘வரி முடிவுக் காத்திருப்பு’, ‘வரித் தொடக்கக் காத்திருப்பு’ என்ற பொருளில் பெயரிட்டது.

இப்பெயர்களின் வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. சுட்டு மையத்தின் வேறுபாடு. ‘முன்’, ‘பின்’ என்னும்போது மையம் ஒத்திசைவுத் துடிப்பு. ‘இடம்’, ‘வலம்’ என்னும்போது மையம் படம். ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்னும்போது மையம் வரியின் காலம். ஆகவே துடிப்புக்கு முன்னே இருக்கும் முன்திண்ணை, படத்தின் நோக்கில் வல ஓரமாகிறது; பின்திண்ணை இட ஓரமாகிறது. முன்னால் இருப்பது இடப்புறம் என்று இயல்பாக எண்ணி 16ஐயும் 48ஐயும் மாற்றி எழுதினால் மொத்தம் மாறாது, திரை ஒளிரவும் செய்யும். ஆனால் ஒத்திசைவுத் துடிப்பை மட்டுமே நம்பி இயங்கும் திரையில் படம் 32 பிக்சல்கள் நகர்ந்துவிடும். இதனோடு, பல கட்டுப்படுத்திகளின் பதிவகங்களில் உண்மையான எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தே எழுத வேண்டும் என்ற மரபும் சேர்ந்துகொள்கிறது. தரவுத்தாளிலிருந்து நிரலுக்கு எண்களை எடுத்துச் செல்லும் வேலை உண்மையில் ஒரு மொழிபெயர்ப்பு வேலை. மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகளே அங்கும் நேர்ந்தன.

3. தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட திரை

எக்ஸ்ஃப்ரீ86 காலத்தில் எண்களை வைத்திருக்க வேண்டியவர் பயனர். திரையின் கையேட்டைத் தேடி, அது தாங்கக்கூடிய அதிர்வெண் எல்லைகளைக் கண்டு, கணக்கிட்டு, கோப்பில் எழுதுவது அவர் பொறுப்பு. தவறான எண்கள் சில வகைக் குழாய்த் திரைகளைச் சேதப்படுத்தக்கூடும் என்ற எச்சரிக்கை அன்றைய ஆவணங்களில் தவறாமல் இடம்பெற்றது. அறிவுடையவருக்கு மட்டுமே திரை தெளிந்த காலம் அது.

1994இல் வெசா தரநிலை அமைப்பு இதற்கு ஒரு மாற்றைக் கொண்டுவந்தது. திரைக்குள்ளேயே ஒரு சிறு நினைவகச் சில்லு. அதில் 128 பைட்டு நீளமுள்ள ஓர் அடையாளப் பதிவு. அதைக் கணினி படிப்பதற்கு, பிலிப்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியிருந்த ஐ2சி என்னும் இருகம்பித் தடம். ஈடிஐடி எனப்படும் இப்பதிவு ஒரு சுருக்கமான தன்வரலாறு போன்றது. முதல் எட்டுப் பைட்டுகள் அடையாளத் தொடர்: முதலும் கடைசியும் சுழி, இடையில் ஆறும் 255. அடுத்து, ஓர் எழுத்துக்கு ஐந்து பிட்டு என மூன்று எழுத்துகளை இரண்டு பைட்டுகளில் மடித்து வைத்த உற்பத்தியாளர் பெயர். அதன் பின் தயாரிப்பு எண், தயாரித்த வாரம், ஆண்டு. பின்னர், 18 பைட்டு அளவுள்ள பகுதிகளில் அதே பழைய திண்ணைகளும் துடிப்புகளும். எல்லாப் பைட்டுகளையும் கூட்டினால் 256ஆல் மீதமின்றி வகுபட வேண்டும் என்பது சரிபார்ப்பு விதி.

இதனால் எண்கள் பயனரின் கோப்பிலிருந்து பொருளின் உடலுக்கு இடம் பெயர்ந்தன. திரையை மாற்றினால் எண்களும் கூடவே மாறின. அதன் பின் கணினி பழகிய ஒரு தலைமுறைக்குத் திரையமைத்தல் என்ற வேலையே தெரியாமல் போயிற்று.

4. அறிமுகமற்ற பலகங்கள்

உட்பொதி கருவிகளின் உலகம் இப்பாதையில் வரவில்லை. காரணம் எளிது. மருத்துவக் கருவியிலோ பயணச்சீட்டு இயந்திரத்திலோ உள்ள பலகம் ஒரே பலகைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒரே பெட்டிக்குள் திருகப்படுவது. பயனர் அதை மாற்றப்போவதில்லை என்ற எதிர்பார்ப்பில் அடையாளச் சில்லுக்கான செலவு தேவையற்றதாகக் கருதப்பட்டது. பலகமும் பலகையும் ஒருவரையொருவர் பிறவியிலேயே அறிந்தவர்களாகக் கொள்ளப்பட்டன.

ஆனால் அப்பலகங்கள் கேட்கும் விவரங்களோ மேசைத்திரையைவிட மிகுதி. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் வழியாக 1990களில் பரவிய எல்விடிஎஸ் இணைப்பில், ஒவ்வொரு கம்பி இணையும் ஒரு துடிப்புக்குள் ஏழு பிட்டுகளைச் சுமக்கிறது. 18 பிட்டு வண்ணத்துக்கு மூன்று தரவு இணைகள் போதும். 24 பிட்டுக்கு நான்கு வேண்டும். நான்காவது இணையில் எந்தப் பிட்டுகளை ஏற்றுவது என்பதில் இரு மரபுகள் உருவாயின. ஜெய்டா மரபில் அது ஒவ்வொரு வண்ணத்தின் கடைநிலைப் பிட்டுகளைச் சுமக்கும்; வெசா மரபில் தலைநிலைப் பிட்டுகளை. ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டால் படம் வரும், வடிவங்கள் தெரியும், வண்ணங்கள் மட்டும் சிதைந்து பட்டைபட்டையாகத் தோன்றும். எழுத்துகள் சரியாக இருந்தும் அகரவரிசை மாறிப்போன சுவடியைப் படிப்பது போன்றது அது.

மின்சாரம் கொடுக்கும் வரிசையும் ஒரு விவரமே. முதலில் பலகத்துக்கான மின்னழுத்தம், பிறகு சமிக்ஞை, அதன் பின் பின்னொளி, அணைக்கும்போது தலைகீழ். ஒவ்வொரு படிக்கும் இடையே இத்தனை மில்லிநொடி என்று தரவுத்தாள் வரையறுக்கும். திரவப் படிகத்தின் மீது ஒரே திசையில் மின்னழுத்தம் நீடித்து நின்றால் அது கெடும். ஆகவேதான் பலகம் மின்னழுத்தத்தின் திசையை இடைவிடாது மாற்றிக்கொண்டே இயங்குகிறது. வரிசை பிறழ்ந்தால் திரையில் கறை போன்ற எச்சப்படம் தங்கலாம்.

இந்தியாவில் இவ்வகைக் கருவியின் வரலாற்றைப் பேசும்போது சிம்ப்யூட்டரைக் கடந்து செல்ல இயலாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தினரும் சேர்ந்து வடிவமைத்து 2001இல் அறிமுகப்படுத்திய கையடக்கக் கணினி அது. ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, லினக்ஸ் இயங்குதளம், 320க்கு 240 பிக்சல் திரை. எழுத்தறியாதவரும் பயன்படுத்துவதற்காக இந்திய மொழிகளில் உரையைப் பேச்சாக மாற்றும் வசதியும் அதில் திட்டமிடப்பட்டது. 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் பிகோபெட்டா நிறுவனமும் அமிடா என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தன. மொழித் தொழில்நுட்ப ஆய்வுகளில் சிம்ப்யூட்டர் பேசப்படுவது எழுத்துரு, பேச்சு, இடைமுகம் ஆகியவை குறித்தே. ஆனால் தேவநாகரியின் முதல் எழுத்தோ கன்னடத்தின் முதல் எழுத்தோ ஒரு திரையில் தோன்றுவதற்கு முன், காத்திருப்பு எண்கள் செயலியின் பதிவகங்களில் சரியாக அமர வேண்டும். எழுத்துமுறை ஆய்வுக்கு அடியில் இப்படியொரு தளம் உண்டு என்பது பெரும்பாலும் கவனத்துக்கு வருவதில்லை. சிம்ப்யூட்டரின் வன்பொருள் வடிவமைப்பையே பொது உரிமத்தின்கீழ் பகிர முனைந்தவர்கள் அதன் வடிவமைப்பாளர்கள் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது. எண்கள் எவரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது ஒரு தெளிவான விடை.

5. பலகைக்கொரு கோப்பு

பிற இடங்களில் விடை வேறாக இருந்தது. ஆர்ம் செயலிகளில் லினக்ஸ் பரவியபோது, ஒவ்வொரு பலகைக்கும் கெர்னலுக்குள் தனியே ஒரு சி மொழிக் கோப்பு எழுதப்பட்டது. எந்தத் திரை, எத்தனை வரி, எந்த மின்வாய் பின்னொளிக்கு உரியது என்பனவெல்லாம் அக்கோப்பில் நிரலாகவே கலந்து கிடந்தன. புதிய பலகை வந்தால் புதிய கோப்பு. திரை மாறினால் கெர்னலை மீண்டும் தொகுக்க வேண்டும். அவற்றுள் கணிசமானவை பொதுக் கெர்னலுக்கு வந்து சேரவேயில்லை. அந்தந்த நிறுவனத்தின் தனிப்பதிப்பில் தங்கிவிட்டன. வந்து சேர்ந்தவையோ ஒன்றையொன்று ஒத்த கோப்புகளாகப் பெருகின. 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் இப்பெருக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார்.

மாற்றாக ஆர்ம் உலகம் ஏற்றுக்கொண்டது டிவைஸ் ட்ரீ எனப்படும் சாதன மரம். அது புதிய கண்டுபிடிப்பன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் தோன்றி 1994இல் ஐஇஇஇ 1275 என்ற தரநிலையான ஓப்பன் ஃபர்ம்வேரின் பகுதி அது. பவர்பிசி லினக்ஸ் அதைத் தட்டையான கோப்பு வடிவில் ஏற்கெனவே பயன்படுத்தி வந்தது. வன்பொருள் என்ன என்பதை நிரலிலிருந்து பிரித்து, மரவடிவான ஓர் உரையாக எழுதிவைப்பதே அதன் கொள்கை. கெர்னல் ஒன்றே, பலகைக்கு ஏற்ப மாறுவது அதனிடம் தரப்படும் விவரணை மட்டும். தொடரியலையும் சொற்களஞ்சியத்தையும் பிரித்துப் பார்ப்பவருக்கு இப்பிரிவினை புதிதாகத் தோன்றாது.

6. பெயரா, விவரணையா

திரைக்கு இக்கொள்கையைப் பொருத்தும்போதுதான் கருத்து வேறுபாடு எழுந்தது. 2013இல் வெளிவந்த லினக்ஸ் 3.9 பதிப்பு, திண்ணைகளையும் துடிப்புகளையும் சாதன மரத்திலேயே நேரடியாக எழுதுவதற்கான சொற்களை வரையறுத்தது. அகலம் இவ்வளவு, முன்திண்ணை இவ்வளவு, துடிப்பு இவ்வளவு என எழுதிவிட்டால் போதும். பலகத்தின் பெயரே தேவையில்லை. இது விவரணையால் சுட்டுதல்.

அதே ஆண்டில் எழுதப்பட்ட எளிய பலக இயக்கி எதிர்த்திசையில் சென்றது. சாதன மரத்தில் உற்பத்தியாளரின் பெயரும் மாதிரி எண்ணும் மட்டும் இருக்கும். அப்பெயருக்குரிய எண்கள் கெர்னலின் அட்டவணையில் ஒரே ஓரிடத்தில் இருக்கும். இது பெயரால் சுட்டுதல். இதை ஆதரித்தவர்களின் வாதம் வலுவானது. ஒரே பலகத்தை ஐம்பது பலகைகள் பயன்படுத்தினால் எண்களை ஐம்பது முறை படியெடுக்க வேண்டியதில்லை. ஓர் எண் தவறென்று பின்னர் தெரிந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். மேலும், எண்களை மட்டும் தருவது முழு விவரணையும் ஆகாது. மின்சார வரிசையின் காத்திருப்புகளை அது சொல்வதில்லை. பெயர் இருந்தால், இன்று தெரியாத ஒரு பண்பையும் நாளை அப்பெயரோடு சேர்க்கலாம்.

எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. அட்டவணையில் இல்லாத பலகத்தை வாங்கியவர் என்ன செய்வார்? கெர்னலில் ஒரு பதிவு சேர்த்து, அதை ஏற்கச் செய்து, அப்பதிப்பு தம் பலகைக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வரி உரையைத் திருத்திப் படம் வரவழைக்கக்கூடியவரை அது கெர்னல் நிரலாளராக மாறச் சொல்கிறது. பெயரைத் தெரிந்தவர் நடுவே மட்டுமே பெயர் வேலை செய்யும். விவரணையோ முன்பின் அறியாதவருக்கும் பொருளைக் காட்டும். 1905இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் விவரணைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து தத்துவத்தில் தொடர்ந்து வரும் விவாதத்தின் இரு தரப்புகளும் இங்கே எந்தத் தத்துவப் பயிற்சியும் இன்றியே மறுபிறவி எடுத்தன.

இறுதியில் எத்தரப்பும் முழுவெற்றி பெறவில்லை. எல்விடிஎஸ் பலகங்களுக்கு எண்களை மரத்திலேயே எழுத இடமளிக்கும் பொது இயக்கி பின்னர் வந்தது. இணைவழிப் பலகங்களுக்கும் 2020இல் அவ்வாறே வழி செய்யப்பட்டது. இன்னொரு பக்கம், பொருளே தன் விவரணையைச் சுமக்கும் முறையும் சிறு பலகைகளை எட்டியது. பீகிள்போனின் மேற்பலகைகள் தம்மை அடையாளம் காட்ட ஒரு நினைவகச் சில்லை ஏந்தின. 2014இல் ராஸ்பெரி பை அறிவித்த ஹாட் விதிமுறையில் அச்சில்லுக்குள் சாதன மரத்தின் ஒரு கிளையையே வைக்க முடிந்தது. மடிக்கணினிப் பலகங்களில் பரவிய ஈடிபி இணைப்பிலோ பலகம் ஈடிஐடியைத் தானே தருகிறது; ஆனால் அப்பதிவில் மின்சார வரிசையின் காத்திருப்புகள் இல்லை. ஆகவே 2021இல் கெர்னலில் உருவான இயக்கி, பலகம் சொல்லும் எண்களை ஏற்றுக்கொண்டு, அது சொல்லும் பெயரைக் கொண்டு காத்திருப்புகளை அட்டவணையில் தேடுகிறது. பாதி விவரணை, பாதி பெயர்.

7. எஞ்சி நிற்பது

இவ்வரலாற்றில் எண்கள் பயனரிடமிருந்து திரைக்கும், பலகையின் நிரலுக்கும், மரவடிவ உரைக்கும், பொது அட்டவணைக்கும் இடம் மாறிக்கொண்டே வந்துள்ளன. ஒவ்வோர் இடமாற்றமும் யாரால் ஒரு கருவியைப் பழுதுபார்க்க முடியும் என்பதை மாற்றியமைத்தது. பலகங்களின் உற்பத்தி சில ஆண்டுகளில் நின்றுவிடுகிறது. அவற்றை ஏந்திய கருவிகளோ பல ஆண்டுகள் உழைக்க வேண்டியவை. உடைந்த திரைக்கு மாற்றாக வேறொரு பலகத்தைப் பொருத்த வருபவருக்குப் பழைய எண்களும், புதிய எண்களை எழுதும் இடமும் தெரிய வேண்டும். அவை ஒரு நிறுவனத்தின் தனிப்பதிப்பில் தொகுக்கப்பட்ட நிரலாக மட்டும் எஞ்சியிருந்தால், மற்ற உறுப்புகள் எல்லாம் நலமாக இருந்தும் கருவி குப்பைக்குப் போகும்.

சாதன மரமாக இருந்தால் நிலைமை சற்று மேல். தொகுக்கப்பட்ட மரக்கோப்பை அதே கருவிமென்பொருளால் மீண்டும் படிக்கத்தக்க உரையாக மாற்றிவிட முடியும். ஆனால் எழுதியவர் இட்ட குறிப்புரைகள் திரும்பக் கிடைப்பதில்லை. முன்திண்ணை 16 என்று தெரியும். அது தரவுத்தாளிலிருந்து வந்ததா, சோதித்துக் கண்டதா, வேறொரு பலகத்திலிருந்து படியெடுத்ததா என்பது தெரியாது. மூலம் கிடைத்து உரை கிடைக்காத நூலைக் கையில் வைத்திருப்பவரின் நிலையே அங்கும். எனவே எண்களைத் திறந்த இடத்தில் வைப்பது முதற்படி. அவ்வெண் ஏன் அவ்வாறு இருக்கிறது என்பதை அதனருகே ஒரு வரியில் எழுதிவைப்பது அடுத்த படி. அந்த ஒரு வரி, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அக்கருவியைத் திறக்கப்போகும், இன்னும் பெயர் தெரியாத ஒருவருக்காக எழுதப்படுவது.